நெர்ஹாவில் தொண்ணூறு நாட்கள்



ஓய்வு பெற்றவர் என்றதும் உங்கள் கண்முன் யார் வருகிறார்? சாய்மனைக் கதிரையில் பத்திரிகையோடு இருப்பவர், அஸருக்குப் பின் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவர். அவருடைய மனைவியைக் கேட்டால், "எனக்கு எங்கே ஓய்வு? சோற்றுப் பானைக்கு பென்சன் கிடையாதே" என்பார். நமது வீடுகளின் நிலை இதுதான்.

ஐரோப்பாவில் வேறொரு வழக்கம் இருக்கிறது. குளிர் இறுகத் தொடங்கியதும் இங்கிலாந்து, ஜேர்மனி, ஹொலண்ட், டென்மார்க் நாடுகளின் முதிய தம்பதிகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கே இறங்கிவிடுவார்கள். மன்னாருக்கும் பூந்தலைக்கும் பறவைகள் வலசை வருகின்றன அல்லவா? அதே கதைதான். கனடாவிலிருந்து புளோரிடாவுக்குப் போகிறவர்களைப் 'பனிப் பறவைகள்' என்றே அங்கே அழைக்கிறார்கள். ஐரோப்பியருக்கு ஸ்பெயினின் தென்கரை. ஸ்பெயின் அரசாங்கமே 1985 முதல் தன் நாட்டு முதியவர்களைச் சலுகை விலையில் கரையோர ஹொட்டல்களுக்குக் குளிர்காலத்தில் அனுப்பி வைக்கிறது. முதியவர்களுக்கு வெயில் கிடைக்கிறது, ஹொட்டல் ஊழியர்களுக்கும் வேலை போவதில்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றியது.

என் பெரியும்மாவின் மூத்த மகன் நாற்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்து சென்றவர். நானா பஸ் கம்பனி ஒன்றில் கணக்குப் பார்த்தார், மதினி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். இருவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2024 டிசம்பர் 12ஆம் திகதி முதல் அவர்கள் குளிர்காலத்தைக் கழித்த இடம் ஸ்பெயினின் நெர்ஹா என்ற சிற்றூர். 2025 ஜனவரியில் கல்லூரி விடுமுறையில், அவர்களது அழைப்பின் பேரில், நானும் என் மனைவியும் இரண்டு வாரம் அவர்களோடு தங்கினோம்.

"குளிருக்குப் பயந்தால் நம் ஊருக்கே வந்துவிடலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நானா சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குப் புதிது. பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் விலைவாசியை ஒட்டிக் கூட்டப்படுகிறது. ஸ்பெயினில் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கும் அந்தக் கூட்டல் உண்டு. இலங்கையில் குடியேறியவருக்கு இல்லை. இந்தியா, அவுஸ்திரேலியா, கனடாவில் குடியேறியவர்களுக்கும் இல்லை. குடியேறிய அன்று வாங்கிய தொகை அப்படியே உறைந்து நிற்கும். பத்து வருடத்தில் அதன் பெறுமதி என்னவாகும் என்பது, தேங்காய் விலையைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் இங்கிலாந்தில், டொக்டர் இங்கிலாந்தில். ஆகவே வீடு அங்கே, குளிருக்கு மட்டும் ஒதுங்கல் இங்கே, இடையிடையே மற்றப் பயணங்கள் என்று அவர்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள்.

மாலகா விமான நிலையத்திலிருந்து கிழக்கே கடலோரமாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் நெர்ஹா வரும். அந்தப் பிரதேசத்தின் பெயர் அக்ஸார்க்கியா. வழிகாட்டிப் பலகையில் அதைப் பார்த்ததும் எனக்குள் மத்ரஸா வகுப்பறை விழித்துக்கொண்டது. அஷ்ஷர்கிய்யா, கிழக்குப் பகுதி! மலைச் சரிவெல்லாம் வெள்ளை வீடுகள், அவற்றுக்குக் கீழே வெண்ணெய்ப் பழத் தோட்டங்களும் மாந்தோட்டங்களும். ஐரோப்பாவில் மாமரம் காய்க்கும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. ஊரின் நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேடையை 'ஐரோப்பாவின் பல்கனி' என்கிறார்கள். 1884 டிசம்பரில் இப்பகுதியைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அதைப் பார்வையிட 1885இல் வந்த மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ வைத்த பெயர் அது என்று கூறுவர். காலை பத்து மணிக்கு அங்கே போனால் முதிய தம்பதிகள் கையோடு கை கோத்து மெல்ல நடந்துகொண்டிருப்பார்கள். இதை என் மனைவி மிக உன்னிப்பாகக் கவனித்தார் என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

ஜனவரியில் பகல் பதினேழு பாகை வரை போகும். வெயிலில் இருந்தால் நுவரெலியாவின் நல்ல நாள் மாதிரி இருக்கும். இரவில்தான் ஏமாற்றம். வெப்பத்துக்காகக் கட்டிய வீடுகள், தரையெல்லாம் ஓடு. ஸுபஹுக்கு வுழூச் செய்துவிட்டுக் காலை வைத்தால் ஐஸ்கட்டி மேல் நிற்பது போல இருக்கும். மதினி எங்களுக்கும் சேர்த்துக் கம்பளிச் செருப்பு வாங்கி வைத்திருந்தார். ஒரு வசதியும் உண்டு. அங்கே ஜனவரியில் சூரியன் உதிக்க எட்டரை மணியாகிறது. ஸுபஹு ஜமாஅத்தாகத் தொழுது, ஓதி, தேநீரும் குடித்து முடித்த பிறகும் வெளியே இருட்டாகத்தான் இருக்கும்.

சமையலறை விஷயத்துக்கு வருகிறேன். நானா ஓய்வு பெற்ற அன்றே மதினி ஒரு சட்டம் போட்டுவிட்டாராம். கிழமையில் மூன்று நாள் நானாவின் சமையல். அவருடைய பருப்புக் கறியைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஆனால் சட்டம் நல்ல சட்டம். ஹலால் இறைச்சியைப் பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் மொறொக்கோ சகோதரரிடம் வாங்கினார்கள். மீன் நெர்ஹாவிலேயே தாராளம். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடை கடையாக அடுக்கியிருக்கும் மன்தேகாதோ, பொல்வொரோன் என்ற மாப் பலகாரங்களில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். பெட்டியில் 'மன்தேகா' என்ற சொல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

நெர்ஹாவுக்கு மேலே மலையில் ஃப்ரிஹிலியானா என்ற சிறு கிராமம் இருக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாணி எடுக்கும் பழைய ஆலை ஒன்று அங்கே இன்னும் இயங்குகிறது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் கடைசி ஆலை அதுதான் என்று சொல்கிறார்கள். கரும்பை அந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் முஸ்லிம்கள். கத்தரிக்காயை மெல்லிதாக அரிந்து, மாவில் பிரட்டி, ஒலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே இந்தப் பாணியை ஊற்றித் தருகிறார்கள். கத்தரிக்காயோடு பாணியா என்று முகம் சுளிக்காதீர்கள், ஒருமுறை செய்து பாருங்கள். கத்தரிக்காய்க்கு அவர்கள் சொல்லும் 'பெரென்ஹேனா' நமது கிதாபுகளின் பாதின்ஜான்தான். சீனி 'அசூக்கார்', அது அஸ்ஸுக்கர். அரிசி 'அர்ரோஸ்', எண்ணெய் 'அசேய்தே', அதாவது அஸ்ஸைத். தலையணை கூட அல்மிகத்தாவிலிருந்து வந்த 'அல்மொஹாதா'. அந்த ஊர்ப் பெண் சந்தைக்குப் போய் வீடு திரும்பும்வரை பேசுவதில் எவ்வளவு அரபு! அவர்களை வெளியேற்றியவர்களால் சமையலறைச் சொற்களை வெளியேற்ற முடியவில்லை. அக்கிராமத்தின் சுவர்களில் பதித்த ஓடுகளில் 1569ஆம் ஆண்டுச் சண்டையின் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். வென்றவர் தோற்றவர் இருவர் கதையும் அதில் இருக்கிறது. நின்று வாசித்தேன்.

இப்போது அந்த வீட்டின் நாட்காட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அது ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இலக்கம். 2020 ஜனவரி 31இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அதற்குப் பின் வந்த இடைக்காலம் அந்த ஆண்டு முடிவோடு தீர்ந்தது. அதுவரை பிரித்தானிய ஓய்வூதியக்காரர்கள் விருப்பம் போல் குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கினார்கள். இப்போது எந்த 180 நாளை எடுத்தாலும் ஷெங்கன் நாடுகளில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. வந்த நாளும் ஒரு நாள், போகும் நாளும் ஒரு நாள். டிசம்பர் 12இல் வந்தவர்களுக்கு மார்ச் 11 தொண்ணூறாவது நாள். ஒரு நாள் கூடினாலும் தண்டம் வரலாம், அடுத்த வருடம் வாசலிலேயே நிறுத்தப்படவும் கூடும். அப்போது கடவுச்சீட்டில் குத்தும் முத்திரையைப் பார்த்துத்தான் கணக்கு. 2025 ஒக்டோபர் 12 முதல் விரல் அடையாளமும் முகப் படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகத் தொடங்கிவிட்டார்கள். இனி எண்ணுவது இயந்திரம், அதனிடம் சாக்குச் சொல்ல முடியாது.

நானா என்னிடம் கேட்ட கேள்வியும் இந்த எண்ணிக்கையைப் பற்றியதுதான். "மௌலவி, மூன்று மாதம் வெளியூரில் இருக்கிறோமே, கஸ்ராகத் தொழலாமா?" நமது ஷாபிஈ மத்ஹபின்படி, ஓரிடத்தில் வந்த நாளையும் புறப்படும் நாளையும் விட்டுவிட்டு முழுதாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்துவிட்டால் அவர் பிரயாணி அல்லர், முழுமையாகவே தொழ வேண்டும் என்று விளக்கினேன். மதினி உள்ளேயிருந்து சிரித்தார். "ஷெங்கன்காரன் வந்த நாளையும் போற நாளையும் சேர்த்து எண்ணுறான், கிதாபில் ரெண்டையும் கழிச்சு எண்ணுறாங்க. இந்த வீட்டுல ரெண்டு கணக்கு வைக்கணும்." அன்று மாலையே நாட்காட்டியில் பச்சை மையில் இரண்டாவது வரிசை தொடங்கிவிட்டது.

அதன் பக்கத்தில்தான் வரப்போகும் பயணங்களின் பட்டியல் இருந்தது. பெப்ரவரியில் மொறொக்கோ. மார்ச்சில் ஸ்பெயினிலிருந்து நேரே ஜித்தா, றமழானின் கடைசிப் பத்தில் மக்கா. பெருநாளுக்கு இலங்கை. பிறகு செப்டெம்பரில் துருக்கி. எழுபதைத் தொடும் வயதில் இவ்வளவா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. நானாவுக்கோ இதுதான் மருந்து. காலையில் கோப்பியோடு விரிக்கும் வரைபடத்தை ளுஹர் வரை மடிக்க மாட்டார்.

மொறொக்கோவுக்கு ஒரு கணக்கு லாபமும் உண்டு. ஷெங்கனை விட்டு வெளியே இருக்கும் நாள் 90இல் சேராது. பெப்ரவரி 3இல் போய் 8இல் திரும்பினால் ஆறு நாள் மிச்சம் என்றார் நானா. நான்குதான் என்றார் மதினி. போகும் நாளும் வரும் நாளும் ஸ்பெயினுக்குச் சொந்தம், நடுவில் உள்ள 4, 5, 6, 7 மட்டுமே நமக்கு. அவர் சொன்னது சரி. கடைசி நாள் மார்ச் 15க்குத் தள்ளியது.

கப்பல் புறப்படும் தரீஃபாவைப் பார்க்க ஒருநாள் நானா எங்களைக் காரில் கூட்டிப் போனார். கி.பி. 710இல் அங்கே முதலில் வந்திறங்கிய தரீஃப் இப்னு மாலிக்கின் பெயரை ஊர் இன்னும் சுமக்கிறது. போகும் வழியில் ஜபல் தாரிக், உலகம் ஜிப்ரால்டர் என்று அழைக்கும் குன்று. தரீஃபாவில் காற்று உங்கள் முந்தானையைப் பறித்துவிடும் அவ்வளவு வேகம். நீரிணையின் ஒடுங்கிய இடம் பதினான்கு கிலோமீற்றர்தான். எதிர்க்கரை மலையின் மடிப்புகள் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன. தாஞ்சியருக்குக் கப்பலில் ஒரு மணி நேரம். என் வீசாவோ ஒருமுறை மட்டும் நுழையும் வீசா, வெளியேறினால் திரும்ப வர முடியாது. கரையில் நின்றே ஆபிரிக்காவைப் பார்த்தோம். பிரித்தானியக் கடவுச்சீட்டை உடையவர் படகேறுகிறார், நம்முடையதை உடையவர் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

கிரனாடாவைப் பற்றி எழுதினால் இன்னொரு இதழ் வேண்டும். அல்ஹம்ராவுக்குப் போக நினைப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் கொடுத்துப் பதிய வேண்டும். உள் மாளிகைகளுக்கு நேரம் குறித்துத் தருவார்கள், அது தப்பினால் உள்ளே விடமாட்டார்கள். அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை என்ற வாசகம் சுவரெங்கும் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்க, அதை எழுதியவர்கள் 1492 ஜனவரி 2இல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எதிரே அல்பைசின் மேட்டில் 2003இல் திறந்த பள்ளிவாசலில் அஸர் தொழுதோம்.

சகோதரிகளே, பயணத் திட்டம் என்றால் நாம் டிக்கட்டையும் துணிமணியையும் நினைக்கிறோம். மதினியின் கொப்பியைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. நானாவுக்கு 2024 கோடையில் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்துகளின் பெயர், அளவு, நேரம். இங்கிலாந்து டொக்டர் பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் மருந்து எழுதித் தருவதில்லை. மாத்திரைகள் அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே, துண்டோடு, கைப் பையில். பிரித்தானியர் வைத்திருக்கும் சுகாதார அட்டை ஸ்பெயின் அரச ஆஸ்பத்திரியில் செல்லும், மொறொக்கோவில் செல்லாது, இலங்கையிலும் செல்லாது. நோயாளியை நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவை அந்த அட்டை எங்குமே ஏற்காது. அதற்குக் காப்புறுதி வேண்டும். வருடாந்தப் பயணக் காப்புறுதி மலிவு என்று வாங்கினால், ஒரு பயணம் 31 நாள் அல்லது 45 நாளுக்கு மேல் நீளக் கூடாது என்று உள்ளே சிறு எழுத்தில் இருக்கும். ஸ்பெயின், மக்கா, இலங்கை என்று வீடு திரும்பாமல் சுற்றினால் அவர்கள் கண்ணில் அது ஒரே பயணம். ஸ்டென்ட்டை மறைத்தால் பிரீமியம் குறையும், அவசர நேரத்தில் காப்புறுதியும் கைவிரிக்கும். "மறைக்கிறது பொய், அதோட நட்டமும்" என்றார் மதினி. நீண்ட காலத் தங்கலுக்கென்று உள்ள காப்புறுதியை, எல்லாவற்றையும் சொல்லி, கூடிய விலைக்கு வாங்கியிருந்தார். பூட்டிய வீட்டுக்கும் இப்படித்தான். முப்பது நாளோ அறுபது நாளோ ஆளில்லாமல் கிடந்தால் பல வீட்டுக் காப்புறுதிகள் செல்லாமல் போகின்றன. மகள் வாரம் ஒருமுறை போய்க் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்த்துப் படம் அனுப்புவாள்.

இவ்வளவும் எழுதிய அந்தக் கொப்பியில் ஒரு வரி மட்டும் பென்சிலால் இருந்தது. 'மாமி - நோன்பு?'

மாமி என்பது என் பெரியும்மா. அப்போது அவருக்கு 87 வயது. கல்முனையில் இளைய மகளோடு இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் நானா கோல் எடுப்பார். நாங்கள் இருந்த இரண்டாவது வெள்ளி அவர் கேட்டார், "மகன், இந்த நோன்புக்கு நீ இருப்பியா?" பெருநாளைக்கு வருகிறோம் உம்மா என்றார் நானா. "பெருநாள் நோன்புக்குப் பிறகுதானே வரும்" என்றார் பெரியும்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு அந்த வீட்டில் பேச்சு எழுந்தது. நானாவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, பிழைத்தால் கடைசிப் பத்தில் கஃபாவின் முன் நிற்பேன் என்று எண்ணியவர் அவர். மதினி குரலை உயர்த்தவில்லை. "உம்ராவுக்கு நாம போற நேரமெல்லாம் வாசல் திறந்திருக்கும். மாமிட வாசல் அப்படியா?" பிறகு கீழ் மாடிக்காரியைப் பற்றிச் சொன்னார். டென்மார்க்கைச் சேர்ந்த அந்த மூதாட்டி கணவரோடு பல குளிர்காலம் வந்தவர். அவர் இறந்த பிறகும் தனியாக அதே வீட்டுக்கு வருகிறார். இரண்டு கதிரையையும் பல்கனியில் போட்டு ஒன்றில் இருப்பார். "அடுத்த வருஷம் எங்கே போகலாம்னு திட்டம் போட்டே வருஷத்தைத் தள்ளினோம், போக வேண்டிய ஒரு வீட்டுக்குப் போகல" என்று அவர் மதினியிடம் சொன்னாராம். யாருடைய வீடு என்று மதினி கேட்கவில்லை.

நானா என் முகத்தைப் பார்த்தார். மார்க்கத்தைச் சொல்லு என்ற பார்வை. அது நேர்ச்சை அல்ல, மனதில் கொண்ட ஆசை என்பதை முதலில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆயுளில் ஒருமுறை கடமையான உம்ராவை அவர் முன்பே நிறைவேற்றியவர். இது ஸுன்னத். ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களிடமே திருப்பியனுப்பிய நபிமொழி நீங்கள் அறியாததல்ல. அதை மட்டும் நினைவூட்டினேன். நானா நீண்ட நேரம் பேசவில்லை. காலையில் பார்த்தால் பட்டியலில் ஜித்தாவுக்கு மேலே அம்புக்குறி போட்டுக் கொழும்பு ஏறியிருந்தது.

நாங்கள் ஜனவரி 23இல் திரும்பிவிட்டோம். அவர்கள் மொறொக்கோ போய் வந்து, பெப்ரவரி 27இல் மாலகாவிலிருந்து புறப்பட்டார்கள். தொண்ணூறில் 74 நாள்தான் செலவாகியிருந்தது. காப்புறுதிக்காரருக்குத் திகதி மாற்றத்தை மதினியே அறிவித்தார். இலங்கைக்கான ஈ.டி.ஏ. அனுமதி 30 நாளுக்கு, அதை நீடித்துக்கொண்டார்கள். மூளை உறைக் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னர் போட வேண்டும் என்பதால் மார்ச்சிலேயே போட்டார்கள். அந்த வருடம் ஏப்ரல் 13க்குப் பின் உம்ராவுக்கு வருகிறவர்களை ஸவூதி அனுமதிப்பதில்லை என்று அறிவித்திருந்தது. ஷவ்வால் பிறந்து ஒரு வாரத்துக்குள் கொழும்பிலிருந்து புறப்பட்டு உம்ராவை நிறைவேற்றி, அப்படியே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். கடைசிப் பத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஹொட்டலுக்கு நல்ல மிச்சம் என்று மதினி கொப்பியில் எழுதியிருந்தார்.

நோன்பின் இரண்டாம் கிழமை நானும் கல்முனைக்குப் போயிருந்தேன். நானா இஃப்தாருக்குக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். அன்று அவருடைய முறை. ஃப்ரிஹிலியானாவிலிருந்து கொண்டுவந்த கரும்புப் பாணியை அதன்மேல் ஊற்றிப் பெரியும்மாவின் முன் வைத்தார். பெரியும்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

"பாணி நல்லம்" என்றார். "கித்துள் அளவுக்கு இல்ல. கத்தரிக்காயை இன்னும் கொஞ்சம் வேக விட்டிருக்கலாம், மகன்."